பழைய சைக்கிள் வாங்குவதற்கு முன் பஞ்சர் கடையைப் பாருங்கள்

சென்னை முகப்பேர் கிழக்கிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் என் ஆபீஸுக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம். ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிற நேரத்தில் பாதி தூரம் போய்விடலாம் என்று பல நாள் புலம்பிய பிறகுதான் சைக்கிள் யோசனை வந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் ஓட்டியது. அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் ஹேண்டில்பாரைத் தொட்டதில்லை. பழகுமோ பழகாதோ தெரியாத ஒன்றுக்குப் புது சைக்கிள் விலை கொடுக்க மனமில்லை. பழசாகவே வாங்கலாம், ஒத்துவரவில்லை என்றால் பெரிய நஷ்டமில்லாமல் கைமாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஆபீஸில் சொன்னதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கியர் இல்லாமல் வாங்காதே என்றார் ஒருவர். டிஸ்க் பிரேக்தான் பாதுகாப்பு என்றார் இன்னொருவர். முன்னால் ஷாக் அப்சார்பர் இல்லாவிட்டால் எஸ்டேட் ரோட்டில் முதுகு போய்விடும் என்று பயமுறுத்தியவரும் உண்டு. ரிப்பேர் வந்தால் எங்கே கொடுப்பாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டது எங்கள் தெரு முனையில் பஞ்சர் ஒட்டும் அண்ணன்தான்.

"கியரு, டிஸ்க்கு எல்லாம் வாங்குங்கக்கா, வேணாங்கல. ஆனா அது மக்கர் பண்ணுச்சுன்னா எங்கிட்ட சாமான் கிடையாது. அண்ணா நகர்ல பெரிய கடைக்குத்தான் தூக்கிட்டுப் போவணும். காலைல ஆபீஸ் டைம்ல நின்னுபோச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

நான் படித்த, கேட்ட எல்லா யோசனைகளையும்விட உருப்படியானது இதுதான். முன்பெல்லாம் தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கணக்குக்கு வாடகை விடுகிறவரே ரிப்பேரும் பார்ப்பார். இப்போது மிச்சமிருக்கிற கடைகளில் பெரும்பாலும் பைக் பஞ்சர்தான் பிழைப்பு. சைக்கிள் வேலை ஓரமாக நடக்கிறது. அதனால் நான் சைக்கிள் தேடுவதற்கு முன் அவருடைய பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். 26 இன்ச் டயர், டியூப், பிரேக் கட்டை, பிரேக் ஒயர், செயின், ஸ்போக்ஸ், பால்ரஸ் (அச்சுக்குள் உருளும் இரும்புக் குண்டு), பெடல். இவற்றைக் கொண்டே ஓடக்கூடிய சைக்கிள்தான் எனக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போய் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தினம் வேலைக்குப் போகிறவருக்கு, பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுக்க ஆள் இருப்பதுதான் முதல் தகுதி.

பிராண்ட் விஷயமும் இதனாலேயே லேசாகிவிட்டது. அம்பத்தூரில் வேலை பார்க்கிறவருக்கு சைக்கிள் பேச்சிலிருந்து தப்ப வழியில்லை. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வளர்ந்தது இங்கேதான். அவர்களுடைய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று எதை எடுத்தாலும் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சொந்த அபிமானம் உண்டு. எனக்கும் உண்டு, ஆனால் வாங்கும்போது அதைப் பார்க்கவில்லை. கியர் இல்லாத சாதாரண சைக்கிள்களில் டயர், செயின், பெடல், பிரேக் கட்டை போல அடிக்கடி தேய்கிறவை பெரும்பாலும் எல்லா கம்பெனிக்கும் ஒரே அளவு. அட்லஸ் கம்பெனி 2020-ல் உத்தரப் பிரதேசத்து சாகிபாபாத் ஆலையை மூடிய பிறகும் பழைய அட்லஸ்கள் ஓடுவது அதனால்தான். ஸ்டிக்கரை மறந்துவிட்டு எலும்பைப் பார்த்தால் போதும்.

முதலில் போய்ப் பார்த்தது அண்ணா நகரில் ஒரு அடுக்குமாடியில், 21 கியர், முன்பக்க ஷாக் அப்சார்பர், இரண்டு டிஸ்க். இரண்டு வருடமாகப் பால்கனியில் நின்றதாம். பெயின்ட் பளபளவென்று புதுசு மாதிரியே இருந்தது. 7,000 ரூபாய் கேட்டார்கள். ஓடாத சைக்கிள் தேயாது என்று நாம் நினைக்கிறோம். நம்ம ஊர் வெயிலில் நிற்கிற சைக்கிளுக்கு வேறு விதமான தேய்மானம். டயரின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தி வளைத்துப் பார்த்தேன். மெல்லிய வெடிப்புகள் வரிசையாகத் திறந்தன. நடுவில் பட்டன் எல்லாம் தேயாமல் முழுசாக இருந்தும் அந்த டயர் உபயோகமில்லை. காற்று அடித்துக் கொஞ்ச நாளில் பக்கவாட்டில் வெடித்துவிடும்.

கியரையும் மாற்றிப் பார்த்தேன். பெரிய பல்லுக்கு ஏற்றினால் செயின் ஏறமாட்டேன் என்று கரகரத்தது. பின்னால் கியர் தொங்குகிற கொக்கி உள்பக்கமாக வளைந்திருந்தது. வலது பக்கமாக எப்போதோ விழுந்த சைக்கிள் என்று அர்த்தம். இந்தக் கொக்கி அதிகம் வளைந்திருந்தால் பெரிய பல்லுக்கு மாற்றும்போது அந்த அமைப்பே ஸ்போக்ஸுக்குள் சிக்கி வீலை நிறுத்திவிடும். அதைச் சரிசெய்ய எங்கள் அண்ணனிடம் கருவியும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கியர் பற்றி என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னை தட்டையான ஊர். மேம்பாலங்களைத் தவிர்த்தால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. என் வழியில் மேம்பாலமே கிடையாது. நாலைந்து கிலோமீட்டருக்கு ஒற்றைக் கியர் தாராளம். விலை குறைந்த சைக்கிள்களில் வரும் ஷாக் அப்சார்பர் இன்னும் மோசம். எடை கூடும், கொஞ்ச நாளில் துருவேறி ஆட ஆரம்பிக்கும். எஸ்டேட் குண்டு குழிக்குக் கொஞ்சம் அகலமான டயரும் அளவான காற்றுமே போதும். எவ்வளவு காற்று என்று டயர் ஓரத்திலேயே அச்சடித்திருப்பார்கள்.

வில்லிவாக்கத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வைத்திருந்த பழைய 28 இன்ச் சைக்கிள் என்னை மயக்கிவிட்டது. கம்பி பிரேக், தோல் சீட், ஓடாத டைனமோ. செயின் கவருக்குள் எண்ணெய் காயாமல் இருந்தது. "என் பொண்ணு மாதிரி வச்சிருந்தேன்மா" என்றார். பிடித்துக்கொண்டு நிற்கும்போதே நமக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஓடும் பாரைத் தாண்டி நின்றால் இரண்டு குதிகாலும் தரையில் படவில்லை. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.

அளவு என்றதும் கடைக்காரர்கள் 24, 26, 28 என்பார்கள். அது வீலின் விட்டம். நம் உடம்புக்குப் பொருந்த வேண்டியது ஃபிரேம். ஒரே 26 இன்ச் வீலில் சின்ன ஃபிரேமும் வரும், பெரிய ஃபிரேமும் வரும். பார் வைத்த சைக்கிள் என்றால் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கும்போது பாருக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் பதறி நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் சரிந்துதான் இறங்குவார்கள். அந்த நேரத்தில் பார் உயரமாக இருந்தால் அடி எங்கே படும் என்று விளக்க வேண்டியதில்லை. சுடிதாரோ புடவையோ உடுத்துகிறவர்களுக்கு பார் தாழ்ந்த லேடீஸ் மாடல் சௌகரியம். ஆண்கள் அதை ஓட்டினால் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பது நம் ஊர் அசட்டுத்தனம். கால் தூக்கிப் போட முடியாத வயதானவர்களுக்கு அதைவிட நல்ல சைக்கிள் கிடையாது.

சீட் உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் முழுவதும் நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். பழகும் நாட்களில் மட்டும் இரண்டு பாதமும் தரையில் படுகிற மாதிரி தாழ்த்தி வைத்துக்கொண்டு, தைரியம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். தாழ்ந்த சீட்டிலேயே வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு முட்டி வலிக்கிறது என்பவர்கள் நிறைய. பழைய சைக்கிளில் சீட் கம்பி துருப்பிடித்து ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஏறி இறங்குகிறதா என்று விற்கிறவர் முன்னாலேயே கழற்றிப் பாருங்கள். அசையாத சீட் கம்பி இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சீட் கம்பியை உருவிப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னைக்காரர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். கொரட்டூரில் ஒரு லேடீஸ் சைக்கிள் 1,800 ரூபாய்க்கு வந்தது. அளவு எனக்குக் கச்சிதம். பெயின்ட் நன்றாக இருந்தது, டயர்கூடப் புதுசு. வீலைத் தூக்கிச் சுற்றினால் மட்டும் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். சீட் கம்பியை உருவி சைக்கிளைக் கவிழ்த்தோம். பழுப்புத் தூளாகக் கொட்டியது. கேட்டபோதுதான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டு வாசலில் தண்ணீருக்குள் நின்ற வண்டி என்றார்கள். மறைக்க நினைக்கவில்லை, அவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

வெள்ளத்தில் முழுகிய சைக்கிளில் துரு வெளியிலிருந்து தொடங்காது. பெடல் அச்சு உட்கார்ந்திருக்கும் குழாய்தான் ஃபிரேமின் அடிமட்டம். சீட் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் அங்கே தேங்கி பால்ரஸையும் அதை அழுத்திப் பிடிக்கிற கோனையும் அரித்துவிடும். வீல் அச்சுகளிலும் இதே கதை. பால்ரஸ் மாற்றுவது பெரிய செலவில்லை. அது உருள்கிற கிண்ணமும் குழி விழுந்திருந்தால்தான் பிரச்சினை. ஃபிரேமின் உள்சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதையோ யாராலும் சொல்ல முடியாது. வேளச்சேரி, முடிச்சூர், கொளத்தூர் என்று தண்ணீர் நிற்கிற பகுதிகளில் வாங்குகிறவர்கள், மழையில் வண்டி எங்கே நின்றது என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் என்றால் உப்புக்காற்று. அங்கே ஸ்போக்ஸும் ரிம்மின் உள்விளிம்பும் முதலில் போகும்.

கடைசியில் கிடைத்தது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மகள் வெளியூரில் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்தது. 26 இன்ச், ஒற்றைக் கியர், தாழ்ந்த பார், முன்னால் கூடை, பின்னால் கேரியர், முழு செயின் கவர். துப்பட்டா நுனியும் பேன்ட் நுனியும் செயினில் சிக்காமலிருக்க அந்தக் கவர் எவ்வளவு முக்கியம் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பஞ்சர் கடை அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு 100 ரூபாய் கொடுத்தேன். இந்த மொத்தக் கதையிலும் இதைவிட லாபமான செலவு இல்லை.

அவர் பார்த்த முறையைச் சொல்கிறேன், யாரும் செய்யலாம். முதலில் சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்து, முன் வீலும் பின் வீலும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு பக்கவாட்டில் நின்று, முன் வீலைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைப் பார்த்தார். எதன்மேலாவது மோதியிருந்தால் ஃபோர்க் பின்பக்கமாகத் தள்ளியிருக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் சேருகிற இடத்தில், அடிக்குழாயின் கீழ்ப்பக்கம் விரலால் தடவினார். பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் உள்ளே இரும்பு மடங்கியிருக்கிறது என்றார். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். ஃபிரேமும் ஃபோர்க்கும் சரியில்லை என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டியதுதான், மற்றதெல்லாம் பணம் கொடுத்தால் சரியாகும்.

அப்புறம் ஒவ்வொரு வீலாகத் தூக்கிச் சுற்றி, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனித்தார். பக்கவாட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆடினால் ஸ்போக்ஸை முடுக்கி பெண்டு எடுத்துவிடலாம். மேலும் கீழும் குதித்தால் ரிம் பள்ளத்தில் இறங்கி நசுங்கியிருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். கடகட என்றால் அச்சில் கோன் தளர்ந்திருக்கிறது. பெடல் தண்டையும் அதே மாதிரி ஃபிரேம் பக்கமாக ஆட்டிப் பார்த்தார். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளினார்; ஹேண்டில் கழுத்தில் தட்டினால் அங்கேயும் தளர்ச்சி. தளர்ந்திருப்பதைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை, முடுக்கினால் போச்சு. கரகரப்பாகச் சுற்றுவதைத்தான் குறித்துக்கொண்டார்.

செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும். செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம், ஆகவே 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். இந்தச் செயினில் அதைவிட அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. அந்த அளவுக்கு நீண்டுவிட்டால் செயின் முடிந்தது. பல்சக்கரங்களையும் தின்ன ஆரம்பித்திருக்கும். பல் நுனிகள் சுறாமீன் பல்லாகச் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தோம், அவ்வளவு மோசமில்லை.

டயர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. 26 என்று எழுதியிருக்கிற எல்லாம் ஒரே 26 இல்லை. ஒல்லி டயர் 26 × 1⅜ ஒரு ரிம், மலைச் சைக்கிள் மாதிரி தடி டயர் 26 × 2.10 வேறு ரிம். ஒன்று மற்றதில் உட்காராது. டயரின் ஓரத்தில் சின்னதாக 590 அல்லது 559 என்று போட்டிருப்பார்கள். அதுதான் ரிம்மின் அளவு மில்லிமீட்டரில். என்னுடையது 590. அண்ணன் பெட்டியில் இருக்கிற அளவு என்று உறுதி செய்துகொண்டேன்.

விலை பேசுவதற்கு முன் செலவுகளை ஒரு காகிதத்தில் எழுதிவிட்டோம். இரண்டு டயர், டியூப், செயின், நாலு பிரேக் கட்டை, முழு ஓவராயில் (எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டுவது), எல்லாம் சேர்த்து 1,650. அவர்கள் கேட்டது 3,500. காகிதத்தைக் காட்டினேன், பேரம் பேச வேண்டிய அவசியமே வரவில்லை, 2,800-க்கு முடிந்தது. ஆக மொத்தம் 4,450. இதே மாதிரி சைக்கிளைப் புதிதாக விசாரித்தபோது 7,000-க்கு மேல் சொல்லியிருந்தார்கள். பழைய சைக்கிளின் விலை என்பது ஓவராயில் முடிந்து கையில் வரும்போது ஆகிற விலைதான். 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது என்று பெருமைப்படுகிறவர்களிடம், அப்புறம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டுப் பாருங்கள்.

பில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் பில் இல்லை. விற்றவரின் பெயரும் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பெடல் அச்சுக்குக் கீழே பொறித்திருக்கும் ஃபிரேம் நம்பரையும் அதில் சேர்த்துக்கொண்டேன். அந்த நம்பரை அரம் வைத்து ராவியிருந்தால் திருட்டு வண்டி என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிள் ஒன்றையும் ஒருவர் காட்டினார். விலை குறைவுதான். படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்ததை வாங்கி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

பழகியது ஞாயிற்றுக்கிழமை காலைகளில், எஸ்டேட் உள் ரோடுகளில். மற்ற நாட்களில் கன்டெய்னர் லாரி திரும்புகிற அதே ரோடு அன்றைக்குக் காலியாகக் கிடக்கும். பேலன்ஸ் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டது. நேரம் பிடித்தது, ஹேண்டில் ஆடாமல் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவும் ஒரு கையை எடுத்து சைகை காட்டவும்தான். அவை இரண்டும் வராமல் மெயின் ரோட்டுக்குப் போகக் கூடாது. ரோட்டின் ஓரத்தில் சேர்ந்திருக்கும் மணலில் பிரேக் பிடித்தால் வழுக்கும், அதனால் ஓரத்தை ஒட்டியே போகாமல் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போகிறேன். நின்றுகொண்டிருக்கும் லாரியின் இடது பக்கத்தில் நுழைவதே இல்லை. டிரைவர் சீட்டிலிருந்து அந்தப் பக்கம் நம்மைத் தெரியாது.

ஓவராயில் செய்த சைக்கிளை ஒரு மாதம் கழித்து மறுபடியும் காட்ட வேண்டும். புதுப் பிரேக் ஒயர் நீளும், முடுக்கிய ஸ்போக்ஸ் கொஞ்சம் தளரும். அதற்கு அண்ணன் காசு வாங்கவில்லை. பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, ஃபிரேமையும் வீலையும் சேர்த்துக் கம்பத்தில் பூட்டுகிற தடித்த பூட்டு, இவற்றுக்கு இன்னொரு 900 ரூபாய் ஆனது. பின் வீலில் சாவி போட்டுப் பூட்டுகிற பழைய பூட்டை மட்டும் நம்ப வேண்டாம், வண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மழைக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என்னுடைய ரிம் இரும்பு. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. அலுமினிய ரிம் கிடைத்தால் அதற்காகவே கூடுதலாக 500 ரூபாய் கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நான் முன்கூட்டியே பிரேக்கை லேசாக உரசவிட்டுத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டுதான் நிறுத்துகிறேன். வீல் அச்சு முழுகுகிற அளவு தண்ணீர் நின்றால் இறங்கிவிடுவேன், கீழே மேன்ஹோல் திறந்திருந்தால்கூடத் தெரியாது. மழை விட்டதும் பொங்கலுக்குள் ஒரு ஓவராயில். போன தடவை அதற்கு 450 ரூபாய் ஆனது, பால்ரஸ் உட்பட.